தோட்டத்துக்கு ஒரு கட்டுரையா, ஊருக்கு ஒரே கட்டுரையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தால் முதல் நாளே இந்தக் கேள்வி வந்துவிடும். சுற்றியுள்ள ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிப்பக்கம் தொடங்குவதா, ஊர்க் கட்டுரையிலேயே ‘தோட்டங்கள்’ என்று ஒரு பெரிய பிரிவு வைத்து எழுதுவதா? நான் இரண்டாவது வழியின் பக்கம்தான். முக்கியக் காரணம் பராமரிப்பு.

தனிப்பக்கத்தின் கவர்ச்சி தெரிந்ததுதான். தோட்டப் பெயரைத் தேடுகிறவருக்கு நேராகக் கிடைக்கும். அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு மனம் நிறையும். ஐந்து வரியில் தொடங்கிவிடலாம். ஆனால் அந்த ஐந்து வரி பல ஆண்டுகள் ஐந்து வரியாகவே கிடக்கும்.

எல்லாத் தோட்டங்களுக்கும் பின்புலம் ஏறக்குறைய ஒன்றே. பால்மரம் (ரப்பர்), கங்காணி வழி வந்த ஆட்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்தது), தோட்டத் துண்டாடல் (பெருந்தோட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்றது), பிறகு செம்பனை. தனிப்பக்கம் தனியாக நின்று புரிய வேண்டுமானால் இதையெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். பத்துத் தோட்டம் என்றால் பத்துப் பிரதி. முதல் நாள் பத்தும் ஒன்றாக இருக்கும். ஆறு மாதத்தில் ஒருவர் இரண்டைத் திருத்துவார், இன்னொருவர் மூன்றாவதில் வேறு தேதியைப் போடுவார்.

அவசரகாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் ஒருவரும் பக்கத்தில் பின் சூன் தோட்டத்தில் இருவருமாக மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயா முழுமைக்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது ஜூன் 18இல். தனிப்பக்கங்களில் இந்த இரண்டு தேதியும் குழம்பிவிடும். ஒன்றில் 16இல் நாடு முழுக்க அவசரகாலம் என்றிருக்கும், மற்றதில் 18இல் கொலை நடந்ததாக இருக்கும். சொல்லிலும் இதே நிலைதான். ஒரு பக்கம் சுட்டவர்களைப் ‘பயங்கரவாதிகள்’ என்னும், அடுத்தது ‘விடுதலைப் போராளிகள்’ என்னும். முதலாவது பிரிட்டிஷ் நிர்வாகம் வைத்த பெயர். இரண்டாவது அவர்களை ஆதரித்தவர்கள் வைத்தது. கலைக்களஞ்சியத்துக்கு இரண்டும் வேண்டாம். ‘மலாயா கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர்கள்’ என்று எழுதி, பிரிட்டிஷ் நிர்வாகம் அவர்களை எப்படி அழைத்தது என்பதை, யார் சொன்னது என்ற குறிப்போடு ஒருமுறை சொன்னால் போதும். அந்த ‘ஒருமுறை’ ஊர்க் கட்டுரையில்தான் சாத்தியம்.

அடுத்தது பள்ளி. தோட்டத்தில் ஆள் குறைந்ததும் தமிழ்ப்பள்ளி பட்டணத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) இடம் மாறும். பெயரில் ‘லாடாங்’ (மலாயில் ‘தோட்டம்’) மட்டும் அப்படியே இருக்கும். தனிப்பக்கமாக இருந்தால் இந்த ஒரு மாற்றத்துக்குத் தோட்டப் பக்கம், பள்ளிப் பக்கம், ஊர்க் கட்டுரை, பட்டியல், தகவற்சட்டத்து (பக்க ஓரத் தகவல் பெட்டி) ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) என்று ஐந்து இடத்தில் கை வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வாசகர் செம்பனைக் காட்டுக்குள் பள்ளியைத் தேடிப் போவார். ஒரே கட்டுரையில் பெரும்பாலும் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது.

‘தற்போது’ என்ற சொல்லை அறவே தவிருங்கள். ‘தற்போது 40 மாணவர்கள் பயில்கின்றனர்’ என்ற வரி எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மாணவர் எண்ணிக்கைக்குக் கல்வி அமைச்சின் பள்ளிப் பட்டியலில் உள்ள மாதமும் ஆண்டும் வேண்டும். மக்கள்தொகைக்குக் கணக்கெடுப்பு ஆண்டு வேண்டும்; 2000, 2010, 2020 என்று வரும், ஆனால் அதற்கு முந்தியது 1990 அல்ல, 1991.

பெயர்தான் இன்னொரு தலைவலி. எல்பில், எல்ஃபில், எல்பிள், பேராக், பேரா, சிப்புட், சிபுட். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, லயத்து (தொழிலாளர் வரிசைவீடு) மக்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. கட்டுரை முழுக்க ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற வடிவங்களை அந்தத் தோட்டத்தின் பத்தியில் முதல் வரியிலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வழிமாற்றுப் பக்கம் (தேடுகிறவரைத் தானாக உரிய கட்டுரைக்குக் கொண்டுபோவது) போட்டுவிட்டால், தனிப்பக்கம் இல்லாததால் தேடிக் கிடைக்காது என்ற குறையும் போய்விடும். வழிமாற்று உபதலைப்பைக் குறிவைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: யாராவது ‘எல்பில் தோட்டம்’ என்ற உபதலைப்பை ‘எல்பில்’ என்று சுருக்கினாலே வழிமாற்று பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். உபதலைப்பை ஒட்டி ‘இதை மாற்றினால் வழிமாற்றுகளையும் திருத்தவும்’ என்று மறைகுறிப்பு (தொகுப்பவருக்கு மட்டும் தெரிவது) வையுங்கள்.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் 80 முதல் 120 சொல் போதும். வரிசை மாறக்கூடாது: பெயர் வடிவங்கள், இருப்பிடம், பயிர், உரிமை கைமாறியது, பள்ளி, கோயில், கடைசியாக உறுதியான நிலை எந்த ஆண்டில் என்பது. வரிசை நிலையாக இருந்தால் எந்தத் தோட்டத்தில் எந்தத் தகவலுக்குச் சான்று இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். ‘எம் முன்னோர் ரத்தமும் வியர்வையும் சிந்தி உருவாக்கிய புகழ்பெற்ற தோட்டம்’ என்று எழுதக் கை துடிக்கும். அந்த உணர்வு பொய்யில்லை. ஆனாலும் தோட்டம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது, எத்தனை லயம் இருந்தது, துண்டாடப்பட்டபோது எத்தனை குடும்பம் வெளியேறியது என்று சான்றோடு எழுதினால், அந்த மக்களின் பாடு அடைமொழி இல்லாமலேயே படிப்பவருக்குப் போய்ச் சேரும்.

20 தோட்டங்களுக்கு மேல் உள்ள ஊருக்கு இந்த முறை தாங்குமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அங்கே முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) வாரியாகப் பிரிப்பது நல்லதாக இருக்கலாம்.

தனிப்பக்கம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்தையே பொருளாகக் கொண்டு, தோட்ட நிர்வாகமோ பள்ளியோ வெளியிடாத இரண்டு மூன்று சான்றுகள் கிடைத்தால் பிரித்துவிடலாம். எல்பில் அதற்குத் தகும். அப்போது வழிமாற்றுப் பக்கத்தைத் திறந்து அதன் மேலேயே கட்டுரையை எழுதுங்கள். மற்றப் பக்கங்களிலிருந்து அந்தப் பெயருக்கு வரும் இணைப்புகள் தாமாக அங்கே போய்ச் சேரும். தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பு) எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும். ஊர்க் கட்டுரையில் மூன்று வரியும் ‘முதன்மைக் கட்டுரை’ இணைப்பும் மிச்சமிருந்தால் போதும். இது அரை மணி நேர வேலை. பத்துக் குறுங்கட்டுரைகளை ஒன்றாக இணைப்பதோ, முரண்படும் ஒவ்வொரு தேதிக்கும் சான்று தேடி, பேச்சுப் பக்கத்தில் பேசி, ‘இப்பக்கத்தை இணைத்தவை’ (அந்தப் பக்கத்துக்கு இணைப்புத் தரும் பக்கங்கள்) பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க வேண்டிய வேலை.