சிட்னி புல்லன்ஸ்: புதுக் குரலில் ஒரு ஆல்பம்

‘வாக்கின் த்ரூ திஸ் வேர்ல்ட்’ (2020), அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் சிட்னி புல்லன்ஸ் திருநம்பியாக வாழத் தொடங்கிய பின் வெளியிட்ட முதல் தனி ஆல்பம். நேராக இதைப் போட்டால் நல்ல அமெரிக்கானா (நாட்டுப்புறம், கன்ட்ரி, ராக் கலந்த அமெரிக்க இசை), அவ்வளவுதான். 1999-இல் வந்த ‘சம்வேர் பிட்வீன் ஹெவன் அண்ட் எர்த்’ கேட்டுவிட்டு வந்தால் கதையே வேறு. புற்றுநோயில் இறந்த 11 வயது மகளை நினைத்து எழுதியது அது. எழுதும் கை அதேதான், பாடும் தொண்டைதான் மாறியிருக்கிறது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் குரல்நாண் தடிக்கும், சுருதி இறங்கும். கீழே சில ஸ்வரங்கள் கிடைக்கும். மேல் ஸ்தாயி கைவிட்டுப் போகும். பழைய பாட்டைப் பழைய ஸ்கேலிலேயே பிடித்தால் தொண்டை இறுகி, உச்சத்தில் குரல் உடையும். அதனால் ஸ்கேலை இறக்கியே ஆக வேண்டும். புல்லன்ஸ் இந்த மாற்றத்துக்குள் போனது 60 வயதைத் தாண்டி. குரலில் கரகரப்பு இருக்கிறது; மெதுவான பாடல்களுக்கு அதுவே பலம். ‘தி ஜெண்டர் லைன்’ விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது, முதலில் அதைக் கேளுங்கள். ராக் பக்கம் சாயும் பாடல்கள் அவ்வளவு ஒட்டவில்லை.

தேடும்போது ஒன்று: பழைய ஆல்பங்கள் சிண்டி புல்லன்ஸ் என்ற பெயரில் இருக்கும். 1978 ‘கிரீஸ்’ படப் பாடல்களிலும் அந்தப் பெயர்தான். இரண்டு பெயரிலும் தேடினால்தான் முழுசாகக் கிடைக்கும்.