மார்பெலும்பை மூட டைட்டானியம் பிளேட்: நர்ஸின் பார்வையில்

இதய ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பவள் நான். ஆபரேஷனுக்காக இரண்டாக அறுத்த மார்பெலும்பைக் கடைசியில் சேர்த்துக் கட்டும் எஃகுக் கம்பியின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. எலும்பைச் சுற்றி இழுத்து முறுக்கி, நுனியை வெட்டி உள்ளே மடக்கினால் வேலை முடிந்தது, செலவும் சொற்பம். ஆனால் மெலிந்த எலும்பில் கம்பி அறுத்துக்கொண்டு இறங்கும். நோயாளி இருமினால் இரண்டு பாதியும் அசையும்.

இரண்டு பாதியையும் திருகு போட்டுப் பிடிக்கும் டைட்டானியம் பிளேட்டில் அந்த அசைவு வெகுவாகக் குறைகிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 6 மாதம் கழித்து எடுத்த சி.டி. ஸ்கேனில் பிளேட் போட்டவர்களுக்குத்தான் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. போடும்போது பொறுமை வேண்டும். எலும்பின் தடிமனை அளந்துதான் திருகு எடுக்கணும். நீளம் கூடினால், பின்னாலேயே இதயம். டாக்டர் அளவைச் சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகே திருகு கை மாறும்.

எல்லோருக்கும் தேவையா? இல்லை. பில்லைப் பார்த்தே நெஞ்சு வலிக்கும்! சர்க்கரை, அதிக உடல் எடை, மெலிந்த எலும்பு என்றால் பிளேட்டுக்கே என் ஓட்டு. ஒரு விஷயம்: அவசரமாக மறுபடி நெஞ்சைத் திறக்க நேரலாம். பிளேட்டை வெட்டும் கட்டர் ஐ.சி.யூ.விலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.