யூஎஸ்பி ஹப்: போர்ட்டை எண்ணாதீர்கள், அடாப்டரைப் படியுங்கள்

கணினியின் ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பல போர்ட்டாக்கித் தரும் பெட்டிதான் ஹப். அதை வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது எத்தனை போர்ட் என்பதைத்தான். அடாப்டர் இல்லாத நான்கு போர்ட் ஹப் ஒன்றைக் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். அதன்பின் சில ஆண்டுகளாக, தனி அடாப்டரோடு வரும் ஏழு போர்ட் யூஎஸ்பி 3.0 ஹப் என் டெஸ்க்டாப்பின் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில், அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் கணக்குதான் முக்கியம் என்பேன்.

யூஎஸ்பியின் பழைய பதிப்பான 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரவேண்டும், அடுத்த பதிப்பான 3.0 என்றால் 900. அடாப்டர் இல்லாத ஹப், கணினியின் ஒரே போர்ட்டிலிருந்து வரும் அந்த 900-ஐத்தான் எல்லாவற்றுக்கும் பங்கு போடுகிறது. தன் செலவையும் அதிலேயே எடுத்துக்கொள்ளும். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் வரை சிக்கல் இல்லை. போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வந்தால்தான் தகராறு. தட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் அது வழக்கத்தைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கும். பழைய ஹப்பில் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடும், திரையில் தோன்றும், உடனே காணாமல் போகும். கணினியில் நேராகச் செருகினால் அதே டிஸ்க் ஒழுங்காக ஓடும். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், முதலில் ஹப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

சரி, அடாப்டர் இருந்தால் போதுமா? ஏழு 3.0 போர்ட்டும் தலா 900 மில்லிஆம்பியர் கொடுக்க மொத்தம் 6.3 ஆம்பியர் வேண்டும், அதாவது 31.5 வாட். என் ஹப்போடு வந்தது 12 வோல்ட், 3 ஆம்பியர், ஆக 36 வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரோடு வரும் ஏழு போர்ட் ஹப்புகளும் விற்பனையில் இருக்கின்றன. பத்து வாட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க்கை ஓட்டிவிட்டால் மீதி போர்ட்டுகள் அழகுக்குத்தான். எல்லா போர்ட்டும் ஒரே நேரத்தில் முழுச் சுமை எடுக்கப்போவதில்லை என்பதால் வீட்டு உபயோகத்துக்கு இருபது வாட்டே தாராளம். ஒன்று மட்டும் கவனம்: 12 வோல்ட் அடாப்டரின் முனையும் 5 வோல்ட் அடாப்டரின் முனையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகினால் ஹப் போய்விடலாம், அதில் மாட்டியிருப்பவையும் போகலாம். அடாப்டரில் ஹப்பின் பெயரை எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.

கடைக்காரரும் விளம்பரமும் சொல்லாத இன்னொன்று, மின்சாரம் பின்னோக்கிப் பாய்வது. ஒழுங்காக வடிவமைத்த ஹப்பில் அடாப்டரின் மின்சாரம் கணினிப் பக்கம் போகாது. மலிவானவை சிலவற்றில் போகும். கணினியை அணைத்து, அதன் பவர் சப்ளையின் பின்புற சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஹப்பின் அடாப்டரை மட்டும் போட்டுவையுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் மதர்போர்டில் விளக்கு எரிந்தால், அல்லது கணினியில் நேராகச் செருகியிருக்கும் மவுஸ் ஒளிர்ந்தால், அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. புது ஹப் வந்ததும் நான் செய்த முதல் வேலை இந்தச் சோதனைதான். தேறியது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் நொடிக்கு அதே 5 ஜிகாபிட்தான். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த 5 ஜிகாபிட் எல்லா போர்ட்டுக்கும் பொது. சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு அது தாராளம். சுழலும் தட்டு இல்லாத, அதைவிட வேகமான எஸ்எஸ்டியை மட்டும் கணினியிலேயே நேராகச் செருகிக்கொள்கிறேன்.

பெரிய எரிச்சல் கொடுத்தது வயர்லெஸ் மவுஸ். டிஸ்க்கில் கோப்புகள் நகலாகும்போதெல்லாம் கர்சர் திக்கித் திக்கி நகரும். பேட்டரி மாற்றினாலும் அதே கதை. 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை ஹப்பிலிருந்து எடுத்து, ஒரு 2.0 நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசை மேல் வைத்தேன். தொல்லை தீர்ந்தது.

ஏழு போர்ட் ஹப்புகள் பலவற்றின் உள்ளே உண்மையில் இருப்பது இரண்டு நான்கு போர்ட் சிப்கள். ஒன்றின் நான்காவது போர்ட்டில் இன்னொன்றைக் கோத்திருப்பார்கள். நான்கும் மூன்றும் ஏழு. கணினியில் மாட்டியிருப்பவற்றைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒரு ஹப்புக்குப் பல ஹப்புகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், 3.0 ஹப் தன்னை 2.0 என்றும் தனியாகக் காட்டிக்கொள்ளும். ஆனால் வரிசையாக ஐந்து ஹப்புக்கு மேல் யூஎஸ்பி அனுமதிக்காது. ஏழு போர்ட் ஹப்பின் பின்னால் இன்னொன்றைத் தொங்கவிடும்போது உள்ளே ஏற்கெனவே இரண்டு இருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இத்தனை நாள் உழைப்பில் தேய்ந்தது என்று பார்த்தால், அடிக்கடி பென் டிரைவ் செருகும் முன்பக்க போர்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கணினிக்குப் போகும் கேபிள் ஒருமுறை பழுதானது. கழற்றி மாட்டும் வகை என்பதால் கேபிளை மட்டும் மாற்றினேன். உடம்போடு ஒட்டிய கேபிளாக இருந்திருந்தால் முழு ஹப்பும் குப்பைக்குத்தான். நீல விளக்கு இரவில் கண்ணைக் குத்துகிறது, அதன் மேல் டேப் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி சுவிட்ச் இருப்பது பிரிண்டருக்கு வசதி. ஹார்டு டிஸ்க் இருக்கும் போர்ட்டில் கை தவறிப் பட்டால் வம்பு, அதனால் டிஸ்க்கை கைக்கு எட்டாத கடைசி போர்ட்டில் வைத்திருக்கிறேன். போன் சார்ஜ் செய்ய மட்டும் இதை நம்புவதில்லை. சார்ஜிங் போர்ட் என்று தனியாகக் குறித்திருக்காத போர்ட்டில், அடாப்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போன் மெதுவாகத்தான் ஏறும்.