டெல்லிக் குளிரில் வீட்டுக்குள் சைக்கிள்: ஸ்விஃப்ட் குரூப் ரைடு காசுக்குத் தகுமா?

தீபாவளி முடிந்ததுமே டெல்லியில் விடியற்காலை சைக்கிள் ஓட்டம் படுத்துவிடும். குருகிராம்–ஃபரீதாபாத் சாலை காலியாகும், கர்த்தவ்ய பத் சாலையில் பனியும் புகையும் கலந்து நிற்கும். காற்றுத் தரக் குறியீடு 301-ஐத் தொட்டாலே 'மிக மோசம்', 401-ஐத் தொட்டால் 'கடுமை' என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், அழுத்தி மிதித்தால் 80 லிட்டருக்கு மேல் இழுக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு அந்த அளவு மூச்சு வாங்க முடியாது. ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் கருவியான ட்ரெய்னர்தான் கதி. அதில் சுவரைப் பார்த்துத் தனியாக மிதித்தால் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். ட்ரெய்னரில் மிதிப்பதைத் திரையில் ஓட்டமாகக் காட்டி மற்றவர்களோடு சேர்க்கும் செயலியான ஸ்விஃப்ட்டுக்குப் பணம் கட்டலாம் என்று சொல்ல ஒரே உறுதியான காரணம் அதன் குரூப் ரைடுதான். அதன் கற்பனைத் தீவான வாட்டோப்பியாவின் எரிமலையும் காடும் நான்கு நாளில் பழகிவிடும். கூட்டத்தோடு ஓட்டும் சுகம் சீசன் முழுக்கத் தாங்கும்.

ஆனால் ரைடைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு நிகழ்வின் பக்கத்திலும் வேகம் 'வாட்/கிலோ' (ஒரு கிலோ உடல் எடைக்கு எவ்வளவு மிதிசக்தி) கணக்கில் இருக்கும், 1.5–2.0 அல்லது 2.5–3.2 என்று. நிமிடக்கணக்கில் கொடுக்க முடிகிற வாட்டை உடல் எடையால் வகுத்து அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்விஃப்ட்டில் ஏற்றத்தில்தான் எடை முக்கியம். சமதளத்தில் மொத்த வாட்டுதான் பேசும். 55 கிலோ எடையுள்ளவர் 2.5 வாட்/கிலோ கொடுத்தால் 137 வாட்தான். 85 கிலோக்காரர் அதே 2.5 கொடுத்தால் 212 வாட். காகிதத்தில் இருவரும் ஒன்று, சமதளத்தில் பெரியவர் விறுவிறுவென்று போய்விடுவார். மெலிந்த உடல்வாகுள்ள நம் ஆட்கள் பலர் முதல் ரைடிலேயே கழன்று போவதற்கு இதுதான் காரணம், உடல்திறன் குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டியதில்லை. 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் சமதளப் பாதை என்றால் ஒரு படி கீழே உள்ள பிரிவில் சேருங்கள். மேடு அதிகமுள்ள பாதை என்றால் உங்கள் பிரிவிலேயே நிற்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, எல்லோரையும் சேர்த்தே வைத்திருக்கும் அமைப்பு அந்த ரைடில் இருக்கிறதா என்பது. அது இருந்தால் 100 வாட்டும் 300 வாட்டும் ஒரே கூட்டமாகப் போகும். மிதிப்பதை நிறுத்தினால் மட்டுமே பின்தங்குவீர்கள். முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கும், கணவன்–மனைவி, அப்பா–மகள் என்று சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. அது இல்லாத ரைடில் தலைவர் யார் என்று பாருங்கள். தலைவரின் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு தெரியும். சில ரைடுகளில் அவருக்கு முன்னால் ஒரு வேலியும் இருக்கும். அதைத் தாண்டிப் போனால் எச்சரிக்கை வரும், திரும்பாவிட்டால் ரைடிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். வேலி உள்ள ரைடுகள் சொன்ன வேகத்தில் நடக்கின்றன. தலைவர் பெயரே போடாத ரைடு பெயருக்குத்தான் குரூப் ரைடு, உள்ளே பந்தயம். இந்த ஒழுங்கின்மை ஸ்விஃப்ட்டின் பெரிய குறை.

எந்த ரைடானாலும் முதல் இரண்டு மூன்று நிமிடம் எல்லோரும் வெறி பிடித்த மாதிரி மிதிப்பார்கள். பத்து நிமிடம் முன்னதாகவே தொடக்கக் கூண்டுக்குள் போய் அங்கேயே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பூஜ்யம் ஆவதற்கு அரை நிமிடம் முன்பே மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதே விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். கூட்டத்தின் காற்று மறைவில் சுமார் கால் பங்கு வாட் மிச்சமாகிறது. ஐந்து வினாடி இடைவெளி விழுந்தால் அந்தக் கால் பங்கும் போய், மேலே துரத்துவதற்கான சக்தியும் வேண்டும். மறைவுக்குள் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள உங்கள் உருவத்தைக் கவனியுங்கள். சமதளத்தில் வேகமாகப் போகும்போது அது குனிந்து ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருந்தால் காற்றை நீங்கள்தான் வாங்குகிறீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் மறைவில் இருக்கிறீர்கள். நிமிர்ந்ததும் பத்து இருபது வாட் குறைத்துப் பாருங்கள், இடம் மாறாது.

'ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி' என்ற அமைப்பு முதலில் 50 சதவீதத்தில் இருக்கும். 10 சதவீத ஏற்றம் காலுக்கு 5 சதவீதமாகத் தெரியும், ஆனால் மேலே ஏறத் தேவையான வாட் மாறாது. கூட்டத்தோடு ஓட்டும்போது அதை 30-க்குக் குறைத்தால் கியர் மாற்றும் தொல்லை குறையும். 'எர்க்' முறையை அணைத்துவிடுங்கள். அது வாட்டைப் பூட்டிவிடும், கூட்டம் வேகமெடுத்தால் நீங்கள் நகர முடியாது.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டம் ஐரோப்பா, அமெரிக்க மாலை நேரங்களில்தான் நிரம்புகிறது. குளிர்காலத்தில் நம் காலை 5.30 நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 7 மணி. நம் இரவு 10.30 லண்டனில் மாலை 5. அலுவலகம் போகிறவர்களுக்குக் காலை ரைடுதான் சரி. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவிலும், நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவிலும் கடிகாரம் மாறுவதால் வழக்கமான ரைடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அலாரத்தை மாற்ற மறக்காதீர்கள். நேரமே ஒத்துவராவிட்டால் ரோபோபேசர் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே சீரான வேகத்தில் போகும் கணினி ஓட்டுநர்கள் இவர்கள், மரியா மெதுவானவர், கோகோ நடுத்தரம். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டால் போதும். சீரான வேகம் என்று பார்த்தால் மனிதர்கள் நடத்தும் பல ரைடுகளைவிட இது மேல்.

இனி டெல்லிக்கே உரிய சிக்கல், அறைக்குள் காற்று. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் மூச்சு முட்டும். 120 சதுர அடி, 9 அடி உயர அறையில் சுமார் 30 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 250 கன மீட்டர் சுத்தம் செய்யும் ஹெப்பா பியூரிஃபையர் அந்தக் காற்றை மணிக்கு எட்டு முறை சுற்றிவிடும், அது போதும். ரைடுக்கு அரை மணி நேரம் முன்பே முழு வேகத்தில் போட்டுவிடுங்கள். ஆனால் பியூரிஃபையர் கார்பன் டை ஆக்சைடை எடுக்காது. 200 வாட்டில் மிதிக்கிறவர் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் அதை வெளியே விடுகிறார். கதவையும் மூடிக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் அறையில் அது 4,000 பிபிஎம்மைத் தாண்டும், தலைவலியும் மந்தமும் வரும். ஹால் பக்கக் கதவைத் திறந்துவையுங்கள், பியூரிஃபையரை அந்த வாசலுக்கு அருகே வையுங்கள். மதியம் காற்று கொஞ்சம் தெளியும்போது ஜன்னல்களைத் திறந்து வீட்டுக் காற்றை மாற்றிவிடுங்கள். குளிருகிறதே என்று அங்கீட்டி என்ற கரியடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ அந்த அறையில் வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். அது தேவையும் இல்லை. பெடலில் 180 வாட் கொடுக்கும் உடம்பு 600 வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே 7 டிகிரி இருந்தாலும் பத்து நிமிடத்தில் மின்விசிறி கேட்கும். மார்புக்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள், ஹேண்டிலின் மேல் துண்டு போடுங்கள். வியர்வை உப்பு ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டையும் அது திரும்பும் ஹெட்செட் பேரிங்கையும் அரித்துவிடும்.

இணைப்பு அறுந்தால் ரைடே போய்விடும், வாட் மூன்று வினாடி பூஜ்யமானாலும் கூட்டம் கண்ணில் படாது. ட்ரெய்னரை லேப்டாப் காணவில்லை என்றால், பெரும்பாலும் போனில் திறந்திருக்கும் ட்ரெய்னர் செயலி புளூடூத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதை மூடுங்கள். புளூடூத்துக்குப் பதில் ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பின் டாங்கிள் என்றால் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ட்ரெய்னர் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஸ்விஃப்ட்டின் துணைச் செயலியான கம்பேனியன் உள்ள போனும் லேப்டாப்பும் ஒரே வை-ஃபையில் இருக்க வேண்டும். வை-ஃபை ரௌட்டரையும் ட்ரெய்னரையும் இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள். டயரை அழுத்தும் வகை ட்ரெய்னர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே காற்றழுத்தம் வைத்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடான பிறகே, வாட் அளவைச் சரிசெய்யும் 'ஸ்பின்டவுன்' செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வாட் கூடக் காட்டி, வேலியைத் தாண்டி எச்சரிக்கை வாங்குவீர்கள். முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ அடுக்குமாடியில் இருந்தால் காலை 5.30-க்கு அதிர்வு நேரே கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். யோகா பாய் போதாது, தடித்த ரப்பர் பாய் வேண்டும்.

மாதம் 19.99 டாலர், 1,700 ரூபாய்க்குக் குறையாது. அதற்கு மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்காவிட்டால் புதுப்பித்தல் நின்றுவிடும். காசு கட்ட மனமில்லாதவர்களுக்கு இதே வகைச் செயலியான மைவூஷ் இலவசம். அபுதாபி நிறுவனம், 2024 உலக சைக்கிளிங் இ-ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஷிப்பையே நடத்தியது. ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலையில் எதில் ஆட்கள் அதிகம் என்று பார்த்தால் ஸ்விஃப்ட்தான் முன்னே நிற்கிறது. கம்பேனியன் செயலியில் 'மீட்டப்' என்ற தனிச் சந்திப்பு உருவாக்கி ஆர்.கே.புரத்து நண்பரையும் கோயம்புத்தூர்த் தம்பியையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடலாம், வாட்ஸ்ஆப் கால் போட்டுத் தமிழில் பேசிக்கொண்டே ஓட்டலாம். ஜனவரியில் ஸ்விஃப்ட்டின் நிகழ்வுத் தொடரான டூர் டி ஸ்விஃப்ட் வரும்போது கூட்டம் உச்சத்தில் இருக்கும், 14 நாள் இலவசச் சோதனையை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தால் குளிர் முடியும்வரை கட்டுங்கள், மார்ச்சில் ரத்து செய்துவிடுங்கள். கணக்கும் சேர்த்த புள்ளிகளும் அடுத்த நவம்பர் வரை அப்படியே இருக்கும்.