கத்திரி வெயிலும் கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸும்: வீட்டு கம்ப்யூட்டர் அனுபவம்

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் இந்த வருடக் கத்திரி வெயிலை ஒருமுறைகூட அணையாமல் தாண்டிவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

2021 கடைசியில் வாங்கிய அசெம்பிள்டு மெஷின். ரைசன் 5 5600ஜி, எட்டு எட்டாக 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இதன் வேகத்தைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நானும் குறை சொல்ல மாட்டேன். காலையில் பட்டனை அழுத்தினால் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரை வந்துவிடும். சத்தமே கிடையாது. என் மனைவி ஒரே நேரத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், பிரவுசரில் இருபது பக்கம் என்று திறந்து வைத்திருப்பார், எதற்கும் திணறாது. ப்ராசஸர் விஷயத்தில் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது.

ஆனால் வாங்கிய இரண்டாவது கோடையிலிருந்து ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுக்கும், ஃபேன் நிற்கும், இரண்டு நொடியில் தானாகவே மறுபடி ஆரம்பிக்கும். விண்டோஸ் பிழையால் நிற்கும்போது வரும் நீலத் திரை வராது. எச்சரிக்கை வராது. ஒவ்வொரு வருடமும் மார்ச் பிறந்தால் ஆரம்பிக்கும், ஜூலையில் ரெண்டு மழை பெய்தால் அடங்கும். முதலில் வாரத்துக்கு எப்போதாவது ஒருமுறை என்றிருந்தது, அடுத்த கோடையில் ஒரே மத்தியானத்தில் பலமுறை என்றாகிவிட்டது.

படம் பார்க்கிற கம்ப்யூட்டராக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. என் மனைவி வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவங்களைப் போட்டாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் கடைக்காரர் தலையில் விழும், அவருடைய பேச்சு என் மனைவி தலையில் விழும். பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் செத்தால், டாலியில் அந்தக் கம்பெனி டேட்டாவே சிலசமயம் திறக்காது. ரிப்பேர் ஓட்டி, எது பதிவானது எது பதிவாகவில்லை என்று பில் கட்டை மறுபடி புரட்ட வேண்டும். "ஏங்க, மறுபடியும் போயிடுச்சு" என்ற குரல் மாடியிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் என்ன சொன்னார்கள்? "ஃபார்மட் அடிச்சுடலாம் சார்."

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை. போன் செய்தால் எடுப்பார். அவரிடம் வேலை செய்யும் தம்பி சத்துவாச்சாரி வரைக்கும் பைக்கில் வந்து கேபினட்டைத் தூக்கிப் போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பான். ராமைக் கழற்றி அதன் தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்தார்கள், தூசி ஊதினார்கள், தெர்மல் பேஸ்ட் மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். நாள் முழுக்க கடையில் ஓடவிட்டு, "எங்ககிட்ட நல்லாத்தான சார் ஓடுது" என்று திருப்பி அனுப்பினார்கள். அது உண்மைதான், அங்கே நன்றாகத்தான் ஓடியது. ஏனென்றால் அந்தக் கடை ஏசி கடை. எங்கள் கம்ப்யூட்டர் இருப்பது மேலே வெறும் தளம் போட்ட மாடி அறை. மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் பாறை மலை, பாலாற்றில் மணல்தான் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறைச் சுவரைத் தொட்டால் கை சுடும். வியாதி அந்த அறையில், அந்த நேரத்தில் மட்டும்தான் வரும். கடையில் எத்தனை நாள் ஓடவிட்டாலும் அது தெரியப்போவதில்லை. இதை எத்தனை விதமாகச் சொல்லியும் அவர்கள் காதில் ஏறவே இல்லை.

ஃபார்மட் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதனால் எங்களுக்கு நஷ்டம்தான். பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்துக்கான மென்பொருள், தமிழ் எழுத்துருக்கள், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் போய், பழைய நிலைக்குக் கொண்டுவரவே நாள்கணக்கானது. காரணம் தெரியாதபோது முதலில் அழிப்பதுதான் வைத்தியம் என்று எப்படி ஆனது?

அப்புறம் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு பார்க்கும் என் மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவினார். நாங்கள் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன். இதே தொல்லை உள்ளவர்களுக்கு இதில்தான் பயன் இருக்கிறது.

விண்டோஸில் பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவது இயல்பாகவே ஆன் செய்யப்பட்டிருக்கும். அதனால் நீலத் திரை வந்தாலும் படிப்பதற்குள் மறைந்துவிடலாம். சிஸ்டம் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற இடத்தில் அந்த டிக்கை எடுத்துவிட்டோம். எடுத்த பிறகும் நீலத் திரை வரவில்லை, முன்போலவே கறுத்துத்தான் போனது. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறைக்கும் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு. முறையாக ஷட்டவுன் ஆகாமலே கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது என்பது மட்டும்தான் அதன் பொருள், காரணத்தை அது சொல்லாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கிறது, அதுதான் முக்கியம். அங்கே ஏதாவது எண் இருந்தால், விண்டோஸ் சாகும் முன் காரணத்தை எழுதிவைத்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவர், ராம் என்று தேடலாம். எங்களுடையதில் எப்போதும் பூஜ்யம். பிழை விவரத்தை விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. எழுதக்கூட அவகாசம் இல்லாமல் போயிருக்கிறது.

பூஜ்யம் என்றால் கரண்ட் சம்பந்தப்பட்டது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது, மற்றதையும் பார்த்துவிட வேண்டும் என்றார் மச்சான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு வெப்பத்தை ஃபைலில் பதிவு செய்தோம். இந்த ப்ராசஸருக்கு எல்லை 95 டிகிரி. சூடு எல்லையைத் தொட்டால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம்தான் அணையும். எங்களுடையது சாவதற்கு முந்தைய நொடியில்கூட எண்பதைத் தொடவில்லை, வேகமும் குறையவில்லை. மெம்டெஸ்ட்86 போட்டு ராமைச் சோதித்தோம், ஒரு பிழையும் இல்லை. இரவில் குளிர்ச்சியான நேரத்தில் ஓட்டினால் மத்தியானத்துக் கதை தெரியாது என்பதால் மத்தியானத்திலும் ஓட்டினோம். பாதியில் கம்ப்யூட்டர் அணைந்தது, அதுவரை பிழை எதுவும் இல்லை. இந்தச் சோதனை ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. மெம்டெஸ்ட் பென்டிரைவிலிருந்து ஓடுவது. அங்கே விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை. அப்போதும் அணைகிறது என்றால், அந்த ஃபார்மட் எல்லாம் எதற்காகச் செய்தார்கள்?

மிஞ்சியது எஸ்எம்பிஎஸ். வீட்டு கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்டேஜாக மாற்றித் தரும், கேபினட் வாங்கினால் கூடவே வரும் டப்பா. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். எங்கள் மெஷினுக்கு 450 வாட் தேவையே இல்லை, முழு வேகத்தில் ஓடினாலும் அதில் பாதியைத் தொடாது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டில் ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. மின்சாரம் சரியாக இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு ஒரு சாம்பல் நிற வயர் வழியே 'எல்லாம் சரி' என்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த சிக்னல் ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு உடனே ரீசெட் ஆகிவிடும். விண்டோஸுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்காது. பக்செக் பூஜ்யமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, கோடையில் மட்டும் ஏன்? உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைத்துச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கு வெப்பம்தான் எதிரி. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணு வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள், அறிவித்த வாட்டை 40 அல்லது 50 டிகிரியிலும் தருவதாக எழுதியிருப்பார்கள். மலிவானதில் 85 டிகிரி கெபாசிட்டர் இருக்கும், வாட் கணக்கு எந்த வெப்பத்தில் என்பதை எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு எங்கள் கேபினட்டில் எஸ்எம்பிஎஸ் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ப்ராசஸர் கக்கும் சூட்டுக்காற்றைத்தான் அது உள்ளே இழுக்கிறது. அறையே 40 டிகிரி என்றால் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கும்!

மச்சான் மல்டிமீட்டரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற பழைய வகை பிளக்கின் மஞ்சள் வயரில் ஒரு முனையும் கறுப்பில் ஒரு முனையுமாக வைத்துப் பார்த்தார். காலையில் 11.8. மத்தியானம் வேலை கொடுத்தபோது 11.4க்கு அருகே ஊசலாடியது. மீட்டர் காட்டுவது சராசரிதான், நொடிக்குள் நடக்கும் சரிவு அதில் தெரியாது. அதனால் அவர் வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிவந்து அதே அறையில், அதே மத்தியானத்தில் மாட்டினார். அணையவில்லை. பழையதை மாட்டினோம், அணைந்தது. கடையில் இதை ஒருமுறை செய்திருந்தால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே மாற்றினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், ஆனால் அந்த டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். கரண்ட் எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்சாரத்தை அதிகம் வீணாக்காதவற்றுக்குத் தரும் '80 பிளஸ்' சான்றில் ப்ரான்ஸ் (வெண்கல) தரத்தில் புதிது ஒன்று வாங்கினோம். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. முக்கால் தொல்லை அன்றே போனது. மிச்சம் கால்வாசி, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் வந்தது. இதில்தான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று கிடைத்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல். வாங்கிய நாளிலிருந்து நார்மலில்தான் இருந்தது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். ஆனால் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், கரண்ட் நின்ற பிறகு சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று தர விதி இருக்கிறது. நார்மலில் மாறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் சீக்கிரம் மாறும், வோல்டேஜ் ரொம்பக் குறையும்போதும் காத்திருக்காமல் பேட்டரிக்குப் போய்விடும். தெருவெல்லாம் ஏசி ஓடும் மத்தியானத்தில் வோல்டேஜ் இறங்கும் எங்கள் பகுதிக்கு இது பெரிய உதவி. பேட்டரி கொஞ்சம் அதிகம் உழைக்கும், அவ்வளவுதான். புது எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறவர்கள் இன்வெர்ட்டர் சைன்வேவா, அதாவது வீட்டு கரண்ட் போலச் சீரான அலையைத் தருவதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சதுர அலை இன்வெர்ட்டரில் இந்தத் தர எஸ்எம்பிஎஸ்கள் சிலது நிற்காது.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எர்த் சரியில்லை என்று பொருள். எங்களுக்கும் அடித்தது. பாறைத் தரை, கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தது. எலக்ட்ரீஷியன் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார், இப்போது கோடை முழுக்க ஊற்றுகிறோம்.

காட்பாடி காந்திநகரில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். இதே கடையில், இதே ப்ராசஸரோடு, குறைந்த விலைக்கு ஒரு செட் இருக்கிறதாம். உன்னுடையது நன்றாகத்தானே ஓடுகிறது, வாங்கலாமா என்றார். வாங்காதே என்று சொல்லிவிட்டேன். மேலே நான் எழுதிய பாராட்டு எல்லாம் உண்மை. மூவாயிரம் ரூபாயில் தீர்ந்த பிரச்சினை என்பதும் உண்மை. இருந்தும் என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. என் மனைவி அந்த மத்தியானங்களில் பில் கட்டை மறுபடி மறுபடி புரட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ராசஸர் என்ன, எத்தனை ஜிபி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கேட்காத இடத்தில் கடைக்காரர் காசைப் பிடிக்கிறார் என்று மச்சான் சொல்கிறார். மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எங்கள் பில்லில் ராமுக்கு மாடல் எண் இருக்கிறது, எஸ்எஸ்டிக்கு சீரியல் எண் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் '450 வாட்' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கம்பெனி பெயரும் மாடலும் எழுதித் தரச் சொல் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் போய்க் கேட்டிருக்கிறார். கேபினட்டோடு வருவதற்கெல்லாம் எழுத மாட்டோம் என்றார்களாம். அவர் இப்போது வேறு கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.