பெண்களின் அமைதிப் பணிக்குப் பணம் அனுப்ப: ஐ.நா. நிதியம் எங்கே உதவும், எங்கே உதவாது

சண்டை நடக்கும் ஊர்களில் இரு தரப்போடும் பேசிச் சமாதானம் செய்யும் பெண்கள் குழுக்களுக்கு உதவ நினைப்பவர்கள் தடுமாறும் இடம், பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதுதான். பெண்கள் அமைதி மற்றும் மனிதநேய நிதியம் அதற்கு ஒரு வழி. 2016இல் தொடங்கிய இந்த நிதியத்தில் அரசுகளும் தனியாரும் ஒரே உண்டியலில் பணம் போடுகிறார்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பு செயலகமாக இருக்கிறது. தனிநபர்களும் இணையவழி நன்கொடை தரலாம்.

இதன் பெரிய பலம் நிறுவன நிதி, அதாவது குழு தொடர்ந்து இயங்குவதற்கான பணம். பயிற்சி முகாமுக்கும் பதாகைக்கும் பணம் தர ஆள் உண்டு. அலுவலக வாடகைக்கும் கணக்கரின் சம்பளத்துக்கும் யாரும் தருவதில்லை. முகாம் முடிந்த மறுமாதமே குழு கதவைச் சாத்தும். சமாதானப் பேச்சோ மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. எதிர்த்தரப்புப் பெண்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கும் நேரத்தில் பணம் தீர்ந்துபோகும். இந்த நிதியம் திட்டச் செலவு ஒருபுறமிருக்க, குழு பிழைத்திருப்பதற்கான செலவுக்கும் தனியாகக் கொடுக்கிறது. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதற்காகவே பாராட்டலாம்.

அடுத்து விரைவு உதவிப் பிரிவு. பேச்சுவார்த்தைக்குப் போகும் பெண்ணுக்குப் பயணச் செலவு, விசா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று நேரடித் தடைகளை நீக்கப் பணம் தருவது இதன் வேலை. சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2003இல் தங்கள் நாட்டு உள்நாட்டுப் போரை நிறுத்த, லைபீரியப் பெண்கள் பேச்சுவார்த்தை நடந்த கானா நாட்டுத் தலைநகர் அக்ராவுக்கே போய் மண்டப வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்ராவரை போய்ச் சேர்ந்ததால்தான் அந்த வாசலில் உட்கார முடிந்தது.

குறைகளும் உண்டு. கூட்டு நிதியை நிர்வகிக்கும் ஐ.நா. அலுவலகத்துக்கு 1 விழுக்காடு போகும். நடுவில் நிற்கும் அமைப்புகளின் செலவு தனி. அதைவிடப் பெரிய சிக்கல் பதிவுச் சான்றிதழ். விண்ணப்பிக்கும் தலைமை அமைப்பு சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். கிணற்றடியிலும் சந்தையிலும் கூடிப் பேசும் பத்துப் பெண்களிடம் அது இருக்காது. பதிவான அமைப்பு ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தால்தான் வழி. விண்ணப்பம், வரவுசெலவுத் திட்டம், அறிக்கை எல்லாம் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

நிதியத்துக்கும் இப்படிப்பட்ட குழுக்களுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை நிரப்புவது பக்கத்தில் இருக்கும் சாதாரண மனிதர்களின் வேலை. உங்கள் பகுதியில் அப்படி ஒரு குழு இருந்தால், கேட்காமல் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பெரிய தொகை தருவதைவிட மாதந்தோறும் சிறு தொகை நல்லது. 12 மாதங்களுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் அவர்கள் திட்டமிட முடியும். எதற்குச் செலவிடுவது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். பணம் தர முடியாதவர் கணக்கு எழுதலாம், விண்ணப்பம் நிரப்பலாம், கூட்ட நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் ஒன்றுக்கு உதவுவதானால் போகவர இருவழிப் பயணக் காசையும் வந்தவுடனேயே கையில் கொடுங்கள். பிறகு தருகிறோம் என்றால் கையில் காசில்லாதவர் கிளம்பவே மாட்டார். இரண்டு மொழிக்காரர்கள் இருந்தால் மொழிபெயர்ப்புக்காக நேரத்தை இரட்டிப்பாக ஒதுக்குங்கள். பெரும்பாலும் இதை மறந்து, கடைசிப் பேச்சாளரின் பேச்சைப் பாதியில் வெட்டுகிறார்கள். அவர் எந்தத் தரப்போ, அந்தத் தரப்பு அதை அவமானமாகவே எடுத்துக்கொள்ளும். இடமும் இரு தரப்புக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். ஒரு தரப்பின் வழிபாட்டு இடமோ தலைவர் வீடோ கூடாது.

நிழற்படம் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் தளர வேண்டாம். நன்கொடைக்குச் சாட்சியாகப் படம் கேட்பது வழக்கமாகிவிட்டது. எதிர்த்தரப்பினரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு படம் வெளியே போனால் அந்தப் பெண்ணைச் சொந்த ஊரே துரோகி என்னும், உயிருக்கே ஆபத்தாகலாம். வருகைப் பதிவேடும் அப்படித்தான். முழுப் பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் பதிலாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையும் செலவுச் சீட்டும் போதும் என்று கொடுப்பவரே முதலில் சொல்லிவிட வேண்டும். படமும் பெயரும் கேட்டால், காசு வாங்கும் இடத்தில் இருப்பவர்களால் மறுத்துச் சொல்ல முடியாது.