நேரமா, தூரமா: திசைவேக மாற்றத்துக்கு எந்த வழி?

திசைவேகம் என்பது திசையோடு கூடிய வேகம்; அது விநாடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். முடுக்கம் மாறாதபோது, நேரம் தெரிந்தால் வேலை சுலபம். முடுக்கத்தை நேரத்தால் பெருக்கினால் திசைவேக மாற்றம் வந்துவிடும். 5 மீ/வி வேகத்தில் போகும் வண்டி 2 மீ/வி² முடுக்கத்தில் 4 விநாடி ஓடினால் மாற்றம் 8 மீ/வி. தொடக்க வேகம்கூடத் தேவைப்படவில்லை.

நேரத்துக்குப் பதிலாக 36 மீட்டர் தூரம் மட்டும் கொடுத்திருந்தால்? தொடக்க வேகத்தின் வர்க்கத்தோடு, முடுக்கம் × இடப்பெயர்ச்சியின் (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்குத் திசையோடு அளந்த நேர்த்தூரம்) இருமடங்கைக் கூட்ட வேண்டும்: 25 + 144 = 169. வர்க்கமூலம் 13, அதில் 5 போக அதே 8.

சரி, ஆனால் இதில் ஒரு வம்பு உண்டு. வர்க்கமூலத்துக்குக் கூட்டல், கழித்தல் என இரண்டு விடைகள். 10 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து அதே வேகத்தில் கைக்குத் திரும்பும்போது இடப்பெயர்ச்சி 0. குறியைக் கவனிக்காதவர் மாற்றமும் 0 என்பார். உண்மையில், மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று கொண்டால், திரும்பும் திசைவேகம் −10; அதில் 10 போக மாற்றம் −20 மீ/வி! நேரம் கையில் இருந்தால் நான் இந்தப் பக்கமே வருவதில்லை.